பனிமனிதனை எத்தனை சுற்று சுற்றினால் விழுவான்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சூப்பர் மாரியோ 64 விளையாட்டின் நான்காவது உலகமான கூல் கூல் மவுண்டனில், பனித்தரைக்குள்ளிருந்து திடீரென்று எழுந்து நம் மீது உருண்டை எறிகிற பனிமனிதன் ஒருவன் இருக்கிறான். மிஸ்டர் பிளிசார்ட் என்று பெயர். தலையில் குதித்தால் அடி நமக்குத்தான் விழுகிறது, குத்தினாலும் உதைத்தாலும் அவன் அசைவதில்லை. "அவனைச் சுற்றி ஓடு, தலைசுற்றி விழுந்துவிடுவான்" என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சில முறை உடனே விழுகிறான், சில முறை பத்துச் சுற்று ஓடியும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறான். நீங்கள் கீபோர்டில் விளையாடுகிறீர்கள். சரியாக எத்தனை சுற்று ஓட வேண்டும் என்பது முதல் கேள்வி. பத்தாவது உலகத்தில் தொப்பி காணாமல் போனதும் இவன் வேலைதானா என்பது கூடவே கேட்ட இரண்டாவது கேள்வி.

எத்தனை சுற்று என்று கேட்டாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம், ஒருமுறை பலிக்கிறது, மறுமுறை பலிக்கவில்லை, ஏன்? இதற்குப் பதில் இருக்கிறது, அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. அந்தப் பனிமனிதன் சுற்றுகளை எண்ணுவதே இல்லை. அவன் கணக்கு வேறு. அதை நீங்கள் பார்த்துவிட்டால் இரண்டு வினாடிக்குள் அவனைச் சாய்க்கலாம்.

எந்த நம்பிக்கையில் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்துக்கும் மேலாக கேம் புரோகிராமிங்தான் என் தொழில், அதிலும் எதிரிகளின் நடத்தையை எழுதுவதுதான் பெரும்பகுதி வேலை. ஆனால் கீழே வரும் எண்கள் என் ஊகம் அல்ல. இந்த விளையாட்டின் இயந்திர மொழியை ஆர்வலர்கள் சிலர் பிரித்து, மனிதர் படிக்கக்கூடிய சி மொழிக்குத் திருப்பி எழுதினார்கள். 2019-ல் அது பொதுவெளிக்கு வந்தது. அப்படித் திருப்பி எழுதியதை மறுபடி கம்பைல் செய்தால், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றினால், அசல் கார்ட்ரிட்ஜில் இருந்தது பைட்டுக்கு பைட் அப்படியே கிடைக்கிறது. ஆகவே எண்களும் நிபந்தனைகளும் நம்பத்தக்கவை. அதில் வரும் பெயர்கள் மட்டும் அப்படி அல்ல. உதாரணமாக, கீழே நான் தலைச்சுற்றல் என்று சொல்லப்போகும் ஒரு மாறிக்கு (நிரல் ஓர் எண்ணை வைத்திருக்கும் இடம்) அந்தப் பெயரை வைத்தது விளையாட்டைச் செய்த நிண்டெண்டோ நிறுவனம் அல்ல, திருப்பி எழுதியவர்கள். கியோட்டோவில் உட்கார்ந்து 1996-ல் இதை எழுதியவர் மனதில் அதை என்னவென்று அழைத்தார் என்பது இந்த வழியில் வெளிப்படாது. இன்னொன்று, நான் சொல்வதெல்லாம் 1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ 64 என்ற விளையாட்டுக் கருவியுடன் சேர்ந்து வெளிவந்த அந்த விளையாட்டுக்கு. பின்னால் 2004-ல் டிஎஸ் என்ற கைக்கருவிக்கு வந்த பதிப்பு புதிதாகச் செய்யப்பட்டது, அதற்கு இந்த எண்களை நீட்ட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். எழுந்து நின்ற பனிமனிதனுக்கு ஒரே ஒரு ஆசைதான்: உங்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் படம் மாறும் ஒவ்வொரு கணத்திலும், நீங்கள் ஆட்டுவிக்கும் மாரியோ எந்தத் திசையில் இருக்கிறான் என்று பார்த்து அந்தப் பக்கம் திரும்புகிறான். ஆனால் ஒரு ஃப்ரேமுக்கு 8.4375 டிகிரிக்கு மேல் அவனால் திரும்ப முடியாது. விளையாட்டு வினாடிக்கு 30 ஃப்ரேம் ஓடுகிறது, அதாவது வினாடிக்குச் சுமார் 253 டிகிரி. இந்த விசித்திரமான தசமம் எங்கிருந்து வந்தது என்றால், விளையாட்டுக்குள் ஒரு முழு வட்டம் 360 அல்ல, 65,536. அதில் 1,536 பங்குதான் அவன் திரும்பும் வேகம்.

திரும்பி முடித்த பிறகு நிரல் ஒரு கேள்வி கேட்கிறது: இப்போது மாரியோ நேர் எதிரே இருக்கிறானா, இல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறானா? கொஞ்சம் தள்ளி இருந்தால், அதாவது பனிமனிதன் பின்தங்கிவிட்டால், தலைச்சுற்றலின் வேகத்தில், அதே 65,536 கணக்கில், 8 பங்கு கூடுகிறது. அந்த வேகம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தலைச்சுற்றலில் கூடுகிறது. தலைச்சுற்றல் எவ்வளவோ அவ்வளவு கோணத்துக்கு அவன் உடம்பு பக்கவாட்டில் சாய்கிறது. சாய்வு 67.5 டிகிரியைத் தாண்டினால் ஆள் காலி. மூன்று காசு உதிரும்.

கவனியுங்கள், சுற்று என்ற சொல்லே இதில் எங்கும் வரவில்லை. எவ்வளவு தூரம் பின்தங்கினான் என்பதும் கணக்கில் இல்லை. ஒரு டிகிரி பின்தங்கினாலும் 8-தான், நூறு டிகிரி பின்தங்கினாலும் 8-தான். எத்தனை ஃப்ரேம் தொடர்ந்து பின்தங்கியே இருந்தான் என்பது மட்டும்தான் எண்ணிக்கை. வேகத்தின் மேல் வேகம் ஏறுவதால் முதலில் மெதுவாகவும் பிறகு சட்டென்றும் சாய்கிறான். கூட்டிப் பார்த்தால் 55 ஃப்ரேம் விடாமல் பின்தங்க வைத்தால் போதும், எல்லையைத் தாண்டிவிடுகிறான். இரண்டு வினாடிகூட இல்லை.

சரி, அவனைப் பின்தங்க வைப்பது எப்படி? அவன் திரும்புவதைவிட வேகமாக நீங்கள் அவனைச் சுற்ற வேண்டும். இங்கேதான் பத்துச் சுற்று ஓடியும் பலிக்காததன் ரகசியம் இருக்கிறது. மாரியோவின் முழு ஓட்ட வேகம் ஃப்ரேமுக்கு 32 அலகு. அந்த வேகத்தில் ஃப்ரேமுக்கு 8.4375 டிகிரிக்கு மேல் சுற்ற வேண்டுமானால், பனிமனிதனிடமிருந்து நீங்கள் இருக்கும் தூரம் 217 அலகுக்குள் இருக்க வேண்டும். மாரியோவின் உயரம் 160 அலகு. ஆக, ஒன்றேகால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான தூரம், அவ்வளவுதான். அதற்கு வெளியே போய் ஆயிரம் சுற்று ஓடினாலும் அவன் நின்ற இடத்தில் நிதானமாகத் திரும்பி உங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதுதான். இடித்துவிடுவானோ என்ற பயத்தில் அகலமான வட்டமாக ஓடுகிறோம். கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஓடினால் வேலைக்கு ஆகாது, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற மாதிரி ஓட வேண்டும்.

ரொம்ப நெருங்கவும் முடியாது. ஒட்டினால் இடித்து அடிபடும் என்பது ஒரு பக்கம். மாரியோவுக்கே ஒரு வரம்பு இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். ஓடும்போது மாரியோவால் ஃப்ரேமுக்கு 11.25 டிகிரிதான் திரும்ப முடியும். முழு வேகத்தில் அவன் போடக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் ஆரம் சுமார் 163 அலகு, ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். ஆக உங்களுக்குக் கிடைக்கிற இடம் 163-க்கும் 217-க்கும் நடுவே ஒரு குறுகலான வளையம். அதற்குள் ஓடினால் விழுவான். வெளியே போனால் விழமாட்டான். மெதுவாக ஓடினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். வேகம் குறையக் குறைய அந்த வளையம் உள்ளே சுருங்கி அவன் உடம்போடு ஒட்டிவிடும், அதனால் முழு வேகம்தான் பாதுகாப்பு. இதெல்லாம் சமதரைக் கணக்கு. சரிவில் மாரியோவின் வேகம் மேலும் கீழும் போகும், சறுக்கவும் செய்வான். பனிமலையில் சமதரை எங்கே கிடைக்கிறது என்கிறீர்களா, அதுவும் நியாயம்தான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கே நேராகப் பதில் சொல்லிவிடலாம். வளையத்தின் வெளி விளிம்பில் ஓடினால் 55 ஃப்ரேமில் நீங்கள் சுற்றியிருப்பது சுமார் 464 டிகிரி. உள் விளிம்பில் ஓடினால் சுமார் 619 டிகிரி. அதாவது ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலே தொடங்கி ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் கீழே வரை. பத்துச் சுற்றெல்லாம் இல்லை, இரண்டு சுற்றுகூட இல்லை. இது காகிதத்தில் போட்ட கணக்கு. மனிதக் கை வட்டம் போட்டால் நடுவில் கோணலாகும், அதனால் நடைமுறையில் மூன்று நான்கு சுற்று ஆனால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்கு மேல் போகிறது என்றால் வட்டம் அகலம், அவ்வளவுதான்.

கோணலான வட்டம் ஏன் இவ்வளவு தண்டனை கொடுக்கிறது என்பதற்கு நிரலில் இன்னொரு பாதி இருக்கிறது. பனிமனிதன் உங்களை எட்டிப்பிடித்துவிட்டால், அதாவது ஒரு ஃப்ரேமில் நேருக்கு நேர் பார்த்துவிட்டால், தலைச்சுற்றலின் வேகம் எதிர்ப்பக்கமாக 80 நகர்கிறது. ஏறும்போது ஃப்ரேமுக்கு 8, இறங்கும்போது 80. பத்து ஃப்ரேம் ஓடிச் சேர்த்த வேகத்தை அவன் ஒரே ஃப்ரேமில் துடைத்துவிடுகிறான். ஒரு வினாடி அழகாகச் சுற்றினீர்கள் என்று வையுங்கள், அவன் 20 டிகிரி சாய்ந்திருப்பான். அந்த இடத்தில் கொஞ்சம் அகன்றுவிட்டீர்கள், அவன் உங்களைப் பிடித்துவிட்டான். அதிலிருந்து 13 ஃப்ரேமில், அரை வினாடிகூட ஆகாமல், நிமிர்ந்து நின்றுவிடுவான். தலைச்சுற்றலும் அதன் வேகமும் சுழியம். நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் திசையை மாற்றி எதிர்ப்பக்கம் ஓடினாலும் இதே கதிதான், சேர்த்த வேகத்தை நீங்களே கழித்துக்கொள்கிறீர்கள். சில முறை விழுகிறான், சில முறை விழவில்லை என்று நீங்கள் சொன்னது முழுக்க இதனால்தான்.

இந்த நிமிர்தலைப் பார்க்கும்போது எனக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஞாபகம் வரும். ஜப்பானில் பனிமனிதனை யூகிதருமா என்பார்கள், பனி தருமா என்று அர்த்தம். தருமா என்பது உருண்டையான ஒரு பொம்மை. தள்ளினால் சாய்ந்து, விட்டால் நிமிர்ந்து நிற்கும் வகையும் அதில் உண்டு. நம்முடையதைப் போலவேதான். இந்தப் பனிமனிதன் சாய்ந்து நிமிர்வதற்கு அதுதான் மூலம் என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் சொன்னதாகவும் படித்ததில்லை. ஆனால் பெயரிலேயே தருமா இருக்கிற ஒரு பொருளை அந்த ஊர்க்காரர்கள் அனிமேட் செய்யும்போது கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கும் என்று தோன்றுகிறது. இதை என் கற்பனைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தலைச்சுற்றல் சுழியமாக இல்லாதவரை பனிமனிதனால் உருண்டை எறிய முடியாது. எறிவதற்கு மூன்று நிபந்தனை: நிமிர்ந்து நிற்க வேண்டும், 60 ஃப்ரேம் ஆகியிருக்க வேண்டும், நீங்கள் அவன் பார்வைக்கு 11.25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தரைக்குள் திரும்பப் போவதும் அப்படியே, நீங்கள் 1,500 அலகுக்கு அப்பால் போனால் புதைந்துகொள்வான், ஆனால் சாய்வு இருக்கும்போது அதுவும் நடக்காது. ஆக, நீங்கள் அவனைப் பின்தங்க வைத்த முதல் ஃப்ரேமிலிருந்தே அவன் கையில் இருக்கும் உருண்டை வெறும் அலங்காரம். ஆபத்து எல்லாம் அவனை நெருங்கும் வரைதான். தூரத்தில் தயங்கித் தயங்கி நிற்பவருக்குத்தான் உருண்டை விழும். எழுந்தவுடன் நேராக ஓடி, ஓர் ஆள் தூரம் வந்ததும் பக்கவாட்டில் வெட்டி வட்டத்தில் இறங்கிவிடுங்கள்.

கீபோர்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் சிரமத்தில் பாதி அதுதான். அம்புக்குறிகளால் எட்டுத் திசைதான் கொடுக்க முடியும், ஒவ்வொன்றும் 45 டிகிரி இடைவெளி. பனிமனிதனை முந்த வேண்டுமானால் ஒவ்வொரு திசையிலும் நீங்கள் 5.3 ஃப்ரேமுக்குள் அடுத்ததற்குப் போக வேண்டும், அதாவது 0.18 வினாடிக்குள். மாரியோவின் திரும்பும் வரம்பு காரணமாக 4 ஃப்ரேமுக்கு முன்னால் போயும் பயனில்லை. மேல், மேல்-வலது, வலது, கீழ்-வலது என்று எட்டையும் சுமார் 0.15 வினாடிக்கு ஒன்றாக உருட்ட வேண்டும். மிருதங்கக்காரர்களுக்கு வேண்டுமானால் எளிதாக இருக்கலாம். மற்றவர்கள் ஒரு விரலை எடுப்பதற்கு முன் அடுத்த விரலை வைத்துப் பழக வேண்டும். மூலைத் திசைகளை விட்டுவிட்டு நான்கு திசைகளை மட்டும் தட்டினால் வட்டம் சதுரமாகிவிடும், சதுரத்தின் பக்கங்களில் நீங்கள் நேர்கோட்டில் ஓடும்போது அவன் பிடித்துவிடுவான். ஒரு சாதாரண கேம்பேட் கிடைத்தால் இந்த உலகத்துக்காவது கடன் வாங்குங்கள். ஸ்டிக்கை விளிம்பில் அழுத்தி ஒரு வட்டமாகத் தேய்த்தாலே காரியம் முடிந்தது.

கேமராவும் சதி செய்யும். நீங்கள் அழுத்தும் திசை கேமரா எங்கே இருக்கிறதோ அதை வைத்துத்தான் புரிந்துகொள்ளப்படுகிறது. நீங்கள் சுற்றும்போது கேமராவும் உங்களைத் தொடர்ந்து நகர்ந்தால், நீங்கள் போடும் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் திரையில் கேமரா அமைப்பு ஒன்று உண்டு. அதில் லக்கிட்டுவுடன் (விளையாட்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருபவன்) 'ஸ்டாப்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால், கன்ட்ரோலரின் ஆர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேமரா நின்ற இடத்திலேயே நிற்கும். பனிமனிதனை நெருங்கியதும் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் வட்டம் வட்டமாகவே வரும். நான் முதன்முதலில் இந்த விளையாட்டை ஒரு நண்பன் அறையில் ஆடியபோது இந்த அமைப்பு இருப்பதே தெரியாது. ஒரு மாலை முழுக்க முட்டை வட்டம் போட்டு, கடைசியில் அவனைத் தொடாமல் தாண்டிப் போவதே மேல் என்று முடிவு செய்தேன்.

நண்பர் சொன்ன "சுற்றி ஓடு" என்ற அறிவுரை எங்கிருந்து வந்திருக்கும் என்பதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இதே விளையாட்டில் பேய் மாளிகையில் மிஸ்டர் ஐ என்ற பெரிய கண் ஒன்று வரும். அதையும் சுற்றி ஓடித்தான் ஒழிக்க வேண்டும். பார்த்தால் இரண்டும் ஒரே தந்திரம். உள்ளே அப்படி இல்லை. அந்தக் கண் உங்களைப் பார்த்துத் திரும்பத் திரும்ப, ஒரே பக்கமாகத் திரும்பிய கோணத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது, அது உண்மையாகவே சுற்றுக் கணக்கு. பனிமனிதன் வைத்திருப்பது பின்தங்கிய நேரக் கணக்கு. கண்ணிடம் பழகிய கை, அதே நிதானத்தோடு பனிமனிதனிடம் வந்தால் ஏமாறும்.

மாரியோ தொடரில் பனிக்கும் எதிரிகளுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. 1983-ல் வந்த மாரியோ பிரதர்ஸ் ஆர்கேடில் ஃப்ரீஸி என்ற பனிக்கட்டி உண்டு. அது மேடையில் சறுக்கி வந்து, உருகி, அந்த மேடை முழுவதையும் வழுக்கும் பனியாக்கிவிடும். கீழிருந்து முட்டினால் உடைந்துபோகும். நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீயில், 2009-ல், பனிப்பந்து எறிந்து நம்மை உறைய வைக்கும் ஐஸ் பிரதர்கள் வந்தார்கள். ஒருவன் தரையைக் கெடுக்கிறான், ஒருவன் ஆளைக் கட்டிப்போடுகிறான், இரண்டுமே குளிரை வைத்துச் செய்த வேலை. மிஸ்டர் பிளிசார்ட்டை எடுத்துக்கொண்டால், பனி அவனுக்குச் சட்டை மட்டும்தான். அவனை மணலால் செய்து பாலைவனத்தில் வைத்தாலும் அதே புதிர் அப்படியே நிற்கும். அவனுடைய நிஜமான பொருள் பனி அல்ல, உங்கள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த ஸ்டிக்.

1996-ல் பெரும்பாலான வீடுகளில் இருந்த கன்ட்ரோலர்களில் சிலுவை வடிவ பட்டன்தான். எட்டுத் திசை. நிண்டெண்டோ 64-இல் அனலாக் ஸ்டிக் வந்தது. எந்தக் கோணத்திலும் ஓடலாம், வட்டமாக ஓடலாம் என்பது கைக்கே புதுசு. வில்லன் பௌசரை வாலைப் பிடித்துச் சுழற்றி எறிவது, கண்ணைச் சுற்றுவது, பனிமனிதனைச் சுற்றுவது எல்லாமே அந்த ஒரு ஸ்டிக்கை உருட்டக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் என்பது என் கருத்து. இதற்கு எண் ஆதாரம் போல ஒன்று உண்டு: மாரியோ திரும்பும் வேகம் அந்த 65,536-இல் 2,048 பங்கு, பனிமனிதன் திரும்புவது 1,536. சரியாக நான்குக்கு மூன்று. மாரியோ எப்போதும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுறுசுறுப்பு. எழுதியவர் வேண்டுமென்றே இப்படி வைத்தாரா, அல்லது பழக்கமான உருண்டை எண்களில் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்து 'சரியா இருக்கு' என்று விட்டாரா என்பதை எண்ணிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. என் தொழிலில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

அந்தத் தொழில் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு மொபைல் விளையாட்டுக்குக் காவல்காரன் ஒருவனை எழுதினேன். ஆட்டக்காரர் எங்கே போனாலும் அதே ஃப்ரேமில் அவர் பக்கம் திரும்பிவிடுவான். கணக்குப்படி குறையே இல்லை, ஆனால் ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் "செத்த பொம்மை மாதிரி இருக்கு" என்றார்கள். திரும்பும் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டதும், அதுவும் அந்த ஒரே ஒரு வரியில், அவனுக்கு உயிர் வந்துவிட்டது. முதுகுப் பக்கம் என்று ஒன்று உண்டானது, அதைத் தேடிப் பதுங்கிப் போகிற விளையாட்டும் உண்டானது. மிஸ்டர் பிளிசார்ட்டில் அதே வரம்புக்கு மேல் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். பின்தங்குவதையே அவனுக்கு வலியாக்கியிருக்கிறார்கள். அவனை யாரும் அடிப்பதில்லை, உங்களைப் பார்க்காமல் இருக்க முடியாத குணத்தாலேயே விழுகிறான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் இதை நான் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவதற்கு அதுதான் காரணம். இருபது முப்பது வரி நிரல்தான்.

கடைசியாகத் தொப்பி. பத்தாவது உலகமான ஸ்னோமேன்ஸ் லேண்டில் மலையளவு பெரிய பனிமனிதன் ஒருவன் ஊதுவான். அந்தக் காற்றில் மாரியோவின் தொப்பி பறந்துபோகும். அதைப் பறித்தது அந்தப் பெரியவன், நம் மிஸ்டர் பிளிசார்ட் அல்ல. ஆனால் விழுந்த தொப்பியை எடுக்காமலே அந்த உலகத்தை விட்டு வெளியே வந்தாலோ உயிர் போனாலோ, விளையாட்டு அதை உங்கள் சேமிப்பில் குறித்துவைத்து, அந்த உலகத்து மிஸ்டர் பிளிசார்ட் ஒருவன் தலையில் மாட்டிவிடுகிறது. பாலைவன உலகத்தில் தொப்பியைத் தொலைத்தால் கழுகிடம் போகும், டால் டால் மவுண்டனில் தொலைத்தால் குரங்கிடம் போகும், இங்கே இவனிடம். தொப்பி இல்லாமல் ஆடலாம், ஆனால் ஒவ்வொரு அடியும் பெரிதாகும். ஒரு துண்டு போகவேண்டிய இடத்தில் இரண்டு போகும், இரண்டு போகவேண்டிய இடத்தில் மூன்று, மொத்தமே எட்டுத் துண்டு உயிர்தான். அதனால் அந்த உலகத்துக்குத் திரும்பிப் போய், சிவப்புத் தொப்பியோடு தரையிலிருந்து எழுகிறவனைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் விளிம்பு இருந்தால் கேமராவை நிறுத்துவதற்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே ஓர் ஆள் தூரம், அதே முழு வேகம். சாய்ந்து விழுந்ததும் தொப்பி கழன்று பக்கத்தில் விழும். மறுபடி மறந்து வெளியே வந்துவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.